நரம்பு வழியே சாப்பாடு ஏற்றினால் குடல் புண் ஆறுமா?

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். நெல் விவசாயம். மூத்த மகனுக்கு 22 வயது, ஐந்தரை அடி உயரம். இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும். முதலில் குடல் டி.பி. என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. மறுபடி கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, இது ‘க்ரோன்ஸ்’ என்ற குடல் அழற்சி நோய் என்றார்கள். சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் இருக்கிறதாம். ஸ்டீராய்டு சாப்பிட்டால் அடங்குகிறது, குறைத்தால் திரும்பி வருகிறது. மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. 56 கிலோ இருந்தவன் 41 கிலோவுக்கு வந்துவிட்டான். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, கடமுடா என்று சத்தம் போடுகிறது என்று சாப்பாட்டையே ஒதுக்குகிறான். தளர்ந்து போனால் பக்கத்து கிளினிக்கில் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவோம். ரெண்டு நாள் தெம்பாக இருப்பான். சிங்கப்பூரில் இருக்கிற என் மைத்துனர், ஒரு மாதம் வாயில் ஒன்றுமே கொடுக்காமல் எல்லாச் சத்தையும் நரம்பு வழியாகவே ஏற்றினால் குடல் ஓய்வெடுத்துப் புண் தானாக ஆறிவிடும் என்கிறார். பிசானம் அறுப்பு முடிந்தால் கையில் கொஞ்சம் பணம் வரும். போதாவிட்டால் அரை ஏக்கரைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா?

அன்புள்ள அண்ணாச்சி,

அரை ஏக்கரை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன். அரை லிட்டர் பாட்டிலில் ‘5%’ என்று போட்டிருப்பார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. நம் வீட்டு இட்லி இரண்டு சாப்பிட்டால் வருவது அவ்வளவுதான். இட்லியிலாவது உளுந்தின் புரதம் கொஞ்சம் உண்டு, பாட்டிலில் அதுவும் கிடையாது. வெறும் உப்புத்தண்ணி பாட்டில் என்றால் கலோரி பூஜ்யம். அப்புறம் ஏன் தெம்பு வருகிறது? பேதியில் போன தண்ணீரும் உப்பும் திரும்பக் கிடைக்கிறது, அதனால் தலைசுற்றல் நிற்கிறது, நடக்க முடிகிறது. அந்தத் தெம்பு பொய்யில்லை. ஆனால் அது சாப்பாடு இல்லை. கரைந்து போன 15 கிலோவில் ஒரு கிராம்கூட அந்த பாட்டிலால் திரும்பி வராது.

மைத்துனர் சொல்வது வேறு சங்கதி. அதன் பெயர் டி.பி.என்., அதாவது முழு ஊட்டத்தையும் ரத்தக்குழாய் வழியே கொடுப்பது. (நம் ஊரில் எல்லாரும் ‘நரம்பு’ என்றுதான் சொல்கிறோம். ஊசி போடுவது சிரையில். நரம்பில் குத்தினால் அலறிவிடுவோம். இருந்தாலும் பேச்சில் வந்ததை மாற்ற வேண்டாம்.) அந்தப் பையை நீங்கள் ஒரு தடவை நேரில் பார்த்தால் இது குளுக்கோஸ் ஏற்றுகிற சமாச்சாரம் இல்லை என்று உடனே புரியும். பெரிய பிளாஸ்டிக் பை, உள்ளே மூன்று அறைகள். ஒன்றில் கெட்டியான குளுக்கோஸ், ஒன்றில் புரதத்தின் துணுக்குகளான அமினோ அமிலங்கள், இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். மூன்றாவதில் எண்ணெய், பால் நிறத்தில். நர்ஸ் பையை மேலிருந்து பாய் சுருட்டுவதுபோல அழுத்திச் சுருட்டுவார். நடுவில் இருக்கும் ஒட்டு பட்டென்று விடும், மூன்றும் கலந்து பை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு அதில் வைட்டமின்களையும் துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் ஊசியால் சேர்ப்பார்கள். வெளிச்சம் பட்டால் வைட்டமின் கெடும் என்பதால் மேலே ஒரு உறை போட்டு, பம்ப் வைத்து, பெரும்பாலும் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகும். வார்டுக்கு வரும் உறவுக்காரர்கள் ‘பாலையா ஏத்துறீங்க?’ என்று கேட்காத நாளே கிடையாது.

இவ்வளவு கெட்டியான திரவத்தைக் கையில் இருக்கும் சின்னச் சிரையில் விட்டால் அது வெந்து வீங்கிவிடும். அதனால் புஜத்திலோ கழுத்திலோ ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் பெரிய சிரையில் நிற்கும்படி வைப்பார்கள். ரத்தம் அங்கே வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கரைந்து கலந்துவிடும். இது பக்கத்து கிளினிக்கில் நடக்கிற காரியம் இல்லை.

மைத்துனர் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நம்பினோம். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர், முதலில் நாய்க்குட்டிகளுக்குச் சிரை வழியே மட்டும் ஊட்டம் கொடுத்து, அவை மற்றக் குட்டிகளைப் போலவே வளர்வதைக் காட்டினார். பிறகு சிறுகுடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு குழந்தைக்குக் கொடுத்தார், அந்தக் குழந்தையும் எடை போட்டு வளர்ந்தது. வாயில் ஒரு பருக்கை போகாமல் ஓர் உயிர் வளரும் என்பது அதுவரை யாரும் பார்க்காத விஷயம். உடனே அடுத்த எண்ணம் வந்தது. குடல் நோய் உள்ளவர்களுக்கு இப்படிக் கொடுத்துக் குடலைச் சும்மா விட்டால் புண் ஆறாதா? கால் ஒடிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதில்லையா? கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது!

சோதித்துப் பார்த்தார்கள். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதுவே நேரான பதில். மருந்துக்குக் கட்டுப்படாத க்ரோன்ஸ் நோயாளிகள் 51 பேர். 17 பேருக்கு வாய்வழி ஒன்றும் இல்லாமல் முழுக்கச் சிரை வழி ஊட்டம். 19 பேருக்கு மூக்கு வழியே குழாய் விட்டுச் சத்துத் திரவம். மீதி 15 பேருக்குச் சாதாரணச் சாப்பாடு, கூடக் கொஞ்சம் சிரை வழி ஊட்டம். நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 71%, இரண்டாவதில் 58%, மூன்றாவதில் 60%. பார்த்தவுடன் முதல் குழு ஜெயித்த மாதிரித் தெரியும். தலைகளை எண்ணிப் பாருங்கள்: 17இல் 12 பேர், 15இல் 9 பேர். ஓரிரண்டு ஆள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனால் கணக்கே மாறிவிடும். இதைத் தற்செயல் என்றுதான் எடுக்க வேண்டும், ஆய்வு செய்தவர்களும் அப்படித்தான் எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவினர் மற்றவர்களைவிட நன்றாக இருக்கவும் இல்லை. பெருங்குடலில் வரும் கடுமையான அழற்சியிலும் 1980களில் இதே மாதிரி பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பலன் இல்லை.

ஆக, அவர்களுக்கு உதவியது உடம்புக்குக் கிடைத்த ஊட்டம். குடல் சும்மா இருந்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை ஒட்டியதுதான்.

சொல்லப்போனால் குடலுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சாப்பாடு ரத்தத்தில் வருகிறது. குடலின் உள்தோல் மட்டும் தன் பங்கில் ஒரு பகுதியை உள்ளே போகும் உணவிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலில் வாழும் கிருமிகள் நாம் செரிக்காத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற ஓர் அமிலத்தைத் தருகின்றன, அந்தத் தோலின் செல்களுக்கு அதுதான் முக்கியமான தீனி. வாய்வழி எதுவும் போகாவிட்டால் உள்தோல் மெலியும், காவல் தளரும். உங்களுக்குத் தெரியாததா? ஒரு பூ, அதாவது ஒரு போகம், தண்ணீர் விடாத வாய்க்கால் ஓய்வெடுத்துப் பலமாகவா ஆகிறது? அமலைச் செடி மண்டி, கரை இளகித்தான் கிடக்கும்.

இனி ஆபத்துகள். நான் பயிற்சியில் இருந்த காலம், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஓர் அம்மாவுக்குக் குடல் அறுவைக்குப் பிறகு டி.பி.என். போய்க்கொண்டிருந்தது, நன்றாகத் தேறி வந்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் குளிர் நடுக்கம். கட்டில் கம்பி கடகடவென்று ஆடுகிறது, காய்ச்சல் 104. விசாரித்தால், கையில் சிரை கிடைக்கவில்லை என்று இரவு நேரத்தில் யாரோ அந்தக் குழாயிலேயே ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அதிலேயே வேறு ஊசியும் போட்டிருக்கிறார்கள். சர்க்கரையும் கொழுப்பும் ஓடுகிற பாதையில் கிருமி நுழைந்தால் அதற்குக் கல்யாண விருந்துதான், அங்கிருந்து நேரே ரத்தத்துக்குள் போய்விடும். குழாயை உருவி எடுத்து, பத்து நாள் மருந்து கொடுத்துத்தான் அவரைக் காப்பாற்ற முடிந்தது. ஊட்டம் போகிற வழியில் வேறெதுவும் போகக்கூடாது என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை, அந்தக் கட்டில் ஆடிய சத்தத்தில்தான் கற்றேன். இது போக, சிரையில் ரத்தம் உறையலாம் (க்ரோன்ஸ் நோயே ரத்தம் உறைவதைக் கூட்டும்), சர்க்கரை ஏறும், நாள்பட்டால் கல்லீரல் கெடும், பித்தப்பையில் கல் சேரும்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை நான் அதிகம் பயப்படுவது இன்னொன்று. இது வாய்வழி உணவுக்கும் பொருந்தும் என்பதால் கவனமாகப் படியுங்கள். ஐந்தரை அடி உயரத்துக்கு 41 கிலோ என்றால் உயரம்-எடை கணக்கு (பி.எம்.ஐ.) 15ஐக்கூடத் தொடவில்லை. 16க்குக் கீழே போனாலே நாங்கள் உஷாராவோம். மாதக்கணக்கில் வயிறு காய்ந்த உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது திடீரென்று நிறைய மாவுச்சத்து போனால் இன்சுலின் பொங்கும், ரத்தத்தில் மிச்சமிருக்கும் அந்த உப்புகளையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு தளரும். பட்டினியால் சாகாதவர் சாப்பாட்டால் சாகலாம். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, உங்கள் மகனுக்கு 400 சொச்சம், அதற்கு மேல் கொடுக்க மாட்டோம். அதற்கும் முன்னால் வைட்டமின் பி1. தினமும் ரத்தத்தில் உப்புகளைப் பார்த்துக்கொண்டே நாலைந்து நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றுவோம். ‘பிள்ளை மெலிஞ்சிட்டானே’ என்று ஆச்சி ஒரே நாளில் நெய்யும் கருப்பட்டியுமாக ஊட்டிவிட வேண்டாம். இந்த முதல் வாரம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

சரி, டி.பி.என். யாருக்குத்தான் வேண்டும்? குடலைப் பயன்படுத்தவே முடியாதவர்களுக்கு. குடல் அடைத்துவிட்டது, ஓட்டை விழுந்துவிட்டது, குடலிலிருந்து தோலுக்குப் புரை ஓடி நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வழிகிறது, பல அறுவைகளில் வெட்டி வெட்டிச் சிறுகுடல் இரண்டு மீட்டர்கூட மிஞ்சவில்லை, அல்லது பெரிய அறுவைக்கு முன் உடம்பைத் தேற்ற வேண்டும், ஆனால் குழாய் வழியே கொடுத்தாலும் குடல் ஏற்கவில்லை. இவர்களுக்கு அது உயிர் தரும் பால்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஒரு பைக்கே சில ஆயிரம் ரூபாய், அத்தோடு படுக்கை, தினசரி ரத்தப் பரிசோதனை என்று செலவு ஏறும். இவர்களுக்கு அது தகும்.

உங்கள் மகன் அந்தப் பட்டியலில் இருக்கிறானா? உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே ஒரு வரி: சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் முறுக்கிப் பிடிக்கிறது, கடமுடா சத்தம். இது பசியில்லாமை இல்லை, சாப்பாட்டைக் கண்டு பயம். சிறுகுடல் முடிகிற இடம் சுருங்கிப் போயிருந்தால் இப்படித்தான் இருக்கும். மேலே இருந்து வருவதைத் தள்ளிவிடக் குடல் முக்குகிறது, அந்த முக்கல்தான் வலி. சுருக்கம் இரண்டு வகை. வீக்கத்தால் வந்தது என்றால் மருந்தில் விடும். பழைய புண் ஆறித் தழும்பாகி இறுகியது என்றால் எத்தனை மாதம் மருந்து கொடுத்தாலும் விடாது, ஒரு மாதம் பட்டினி போட்டாலும் விடாது. சி.டி. அல்லது எம்.ஆர். என்டரோகிராபி என்ற குடல் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தப் படம் எடுக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

தழும்பு என்றால், கொஞ்ச நீளத்துக்கு மட்டும் இருந்தால், அந்தத் துண்டை வெட்டிச் சேர்க்கும் அறுவையைக் கேட்டுப் பாருங்கள். அறுவை என்றதும் கடைசிக் கட்டம் என்று நினைக்கிறோம். இந்த நோயில் அப்படி இல்லை. கடைக்குடலில், அதாவது சிறுகுடல் முடிகிற இடத்தில், சின்னத் துண்டு மட்டும் கெட்டிருப்பவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை, விலை உயர்ந்த ஊசி மருந்துக்குச் சளைத்ததில்லை. ஆனால் 41 கிலோவில் கத்தி வைக்கக் கூடாது, தையல் பிரியும். முதலில் தேற்ற வேண்டும்.

வீக்கம் என்றால் மருந்தை மாற்ற வேண்டும். மூன்று தடவை குறைத்து மூன்று தடவையும் திரும்பி வந்திருக்கிறது என்றால் ஸ்டீராய்டு அவனுக்கு ஊன்றுகோல் ஆகிவிட்டது. அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகள் இப்போது இந்தியாவிலேயே தயாராகின்றன, விலை முன்போல இல்லை. அவற்றுக்கு முன்னால் டி.பி. உள்ளுக்குள் பதுங்கி இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாக வேண்டும். நம் பக்கத்தில் குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் கேமராவில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், முதலில் டி.பி. மருந்து கொடுத்ததில் தப்பில்லை.

இரண்டில் எதுவானாலும் தேற்றுவதற்கு என் தேர்வு குடல் வழிதான். சுருக்கம் முழு அடைப்பாக இல்லாதவரை திரவம் போகும். எல்லாச் சத்தும் சேர்ந்த மாவு கடையில் கிடைக்கிறது, கரைத்துக் குடிக்கலாம். குழந்தைகளுக்கு வரும் க்ரோன்ஸில் வேறு சாப்பாடே இல்லாமல் ஆறிலிருந்து எட்டு வாரம் இந்தத் திரவம் மட்டும் கொடுப்பது ஸ்டீராய்டுக்கு நிகரான முதல் வைத்தியம். பெரியவர்களிடம் அவ்வளவு பலிப்பதில்லை, முக்கியக் காரணம் வாய்தான். மூன்றாம் நாளே ‘இதைக் குடிக்க முடியாது’ என்று டம்ளரைத் தள்ளிவிடுவார்கள். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாக, ஸ்ட்ரா போட்டு, மணிக்கொரு தடவை அரை டம்ளர் என்று கொடுத்துப் பாருங்கள். முடியவே இல்லை என்றால் மூக்கு வழியே மெல்லிய டியூப் விட்டு ராத்திரியில் ஏற்றலாம். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கழுத்தில் குழாய் வைப்பதைவிட நூறு மடங்கு பத்திரம்.

அளவு ஏறிய பிறகு அவனுக்கு ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்குக் குறையாமல், எடை கூட வேண்டும் என்றால் அதற்கு மேலும், புரதம் 50 முதல் 60 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதை மனதில் வையுங்கள். சுருக்கம் இருக்கும்வரை நாரும் சக்கையும் ஆகாது. பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கு, முருங்கைக்காய், கீரைத் தண்டு, பலாச்சுளை, தொலியோடு போட்ட உளுந்து எல்லாம் தள்ளி வையுங்கள். பனங்கிழங்குத் தும்பு ஒன்று போதும் அடைப்பதற்கு. குழைந்த சோறு, இடியாப்பம், இட்லி, கடைந்து வடித்த பருப்பு, தொலி நீக்கிய உளுந்தங்கஞ்சி, முள் எடுத்த மீன், முட்டை, மோர் கொடுக்கலாம். சொதி கேட்டால் காய்களைப் பொறுக்கிவிட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வைத்து இடியாப்பத்தின் மேல் ஊற்றுங்கள். முதல் பால் வேண்டாம், கடைக்குடல் கெட்டவர்களுக்குக் கொழுப்பு அதிகமானால் பேதி கூடும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் அதை விடவேண்டும், க்ரோன்ஸ் அதில் நெருப்பு மாதிரி எரியும்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் கிளினிக்குக்கோ குளுக்கோஸுக்கோ போகாமல் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்திலேயே ஒரு நாள், பழைய கேமரா ரிப்போர்ட், சதைப் பரிசோதனை முடிவு, எல்லா மருந்துச் சீட்டுகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு குடல் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “சுருக்கம் இருக்கா? இருந்தா அது வீக்கமா, தழும்பா?”

தம்பியையும் உள்ளே கூட்டிப்போய் உட்கார வையுங்கள் அண்ணாச்சி. நீங்கள் எழுதியதில் மைத்துனர் சொன்னது இருக்கிறது, கிளினிக் இருக்கிறது, வயல்கூட இருக்கிறது. டி.பி.என். வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டீர்களா என்பது மட்டும் இல்லை. எந்தச் சாப்பாட்டுக்கு வலிக்கிறது, எந்தப் பக்கம் வலிக்கிறது, எதைக் குடித்தால் வலிக்கவில்லை என்பது அவனுக்குத்தான் தெரியும்.